குறுக்குவில் வேட்டை

குறுக்குவில் வேட்டை என்பது ஒரு தண்டின் முனையில் குறுக்காகப் பொருத்தப்பட்ட வில்லைக் கொண்டு விலங்குகளையும் பறவைகளையும் வேட்டையாடும் முறையாகும். கைவில்லில் நாணை இழுத்துப் பிடிப்பதும் குறிபார்ப்பதும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. குறுக்குவில்லில் இவ்விரு செயல்களும் பிரிக்கப்பட்டுள்ளன. நாண் முன்கூட்டியே இழுக்கப்பட்டு ஒரு பூட்டில் மாட்டப்படுகிறது. அதன் பின்னர் வேடர் எவ்வளவு நேரமும் அசையாமல் காத்திருந்து, உரிய தருணத்தில் விசையை அழுத்திக் கணையை எய்யலாம். இக்கருவியின் சிறப்புகளும் குறைகளும் பெரும்பாலும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே தோன்றுகின்றன.

வட அமெரிக்காவில் காட்டு வான்கோழியை வேட்டையாடுவதற்குச் சிறு வடிவக் குறுக்குவில்கள் பயன்படுகின்றன. இந்தியாவில் நிக்கோபார்த் தீவுகளிலும் வடகிழக்குப் பகுதியிலும் மரபான குறுக்குவில்கள் வழக்கில் இருந்துள்ளன. 1972 ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்தியாவில் காட்டுப் பறவைகளை வேட்டையாடுவது பொதுவாகத் தடைசெய்யப்பட்டுள்ளது.

பெயர்

வில் தண்டுக்குக் குறுக்காக அமைந்திருப்பதால் இக்கருவி குறுக்குவில் எனப்படுகிறது. இதிலிருந்து எய்யப்படும் அம்பு கைவில்லின் அம்பைவிடக் குட்டையானது. அது கணை என இக்கட்டுரையில் குறிக்கப்படுகிறது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மதுரைக் கோட்டையின் மதிலில் இருந்த போர்ப்பொறிகளுள் ஒன்றாக வளைவிற்பொறி சொல்லப்படுகிறது. தானே வளைந்து அம்பு எய்யும் எந்திரவில் என்று உரையாசிரியர்கள் இதற்குப் பொருள் கூறுவர். இது கோட்டைக் காவலுக்கான பொறி. கையில் ஏந்திச் செல்லும் வேட்டைக் கருவி அன்று. எனினும் எந்திரத்தின் உதவியால் வில்லை இயக்கும் எண்ணம் பழந்தமிழ் இலக்கியத்திற்குப் புதிதன்று என்பதற்கு இச்சொல் சான்றாகும்.

அமைப்பு

தற்கால வேட்டைக் குறுக்குவில்லின் முதன்மையான உறுப்புகள் பின்வருமாறு:

- தண்டு: துப்பாக்கியின் கட்டையைப் போன்று தோளில் ஊன்றிப் பிடிக்கும் பகுதி.
- கைகள்: வில்லின் இருபுறமும் வளையும் பகுதிகள். இவை இன்று பெரும்பாலும் கண்ணாடியிழையால் செய்யப்படுகின்றன.
- நாண்: செயற்கை இழைகளை முறுக்கிச் செய்யப்படுவது.
- கப்பிகள்: சில வகைகளில் கைகளின் நுனியில் அமைந்த, மையம் விலகிய சக்கரங்கள்.
- தடம்: கணை கிடந்து ஓடும் நீண்ட பள்ளம்.
- பூட்டு: இழுக்கப்பட்ட நாணைப் பிடித்து வைப்பது.
- விசை: விரலால் அழுத்தும்போது பூட்டைத் திறப்பது.
- கால்வளையம்: நாணேற்றும்போது வில்லைத் தரையோடு அழுத்திப் பிடிக்கக் காலை நுழைக்கும் வளையம்.
- குறிநோக்கி: தண்டின் மேல் பொருத்தப்படும் சிறு தொலைநோக்கி.

குறுக்குவில்கள் இரு பெரும் வகைப்படும். கப்பிகள் இல்லாமல் கைகள் மட்டும் வளைந்து இயங்குவது மீள்வளை வகை. கப்பிகளையும் துணை வடங்களையும் கொண்டது கூட்டு வகை. கூட்டுவில்லை அமெரிக்காவின் ஹோலஸ் வில்பர் ஆலன் உருவாக்கி, 1966 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1969 இல் அதைப் பெற்றார். அதே நுட்பம் பின்னர் குறுக்குவில்லிலும் கையாளப்பட்டது. கப்பிகள் இருப்பதால் கைகள் குட்டையாகவும் ஒடுக்கமாகவும் இருக்க முடிகிறது. நாணேற்றிய நிலையில் இரு கப்பிகளின் அச்சுகளுக்கும் இடையே ஏறத்தாழ 15 செ.மீ. மட்டுமே அகலம் கொண்ட வில்களும் விற்பனையில் உள்ளன. சிறு வடிவக் குறுக்குவில் என்று அழைக்கப்படுபவை இத்தகையவையே. மீள்வளை வகை அகலமானது. ஆனால் உறுப்புகள் குறைவு என்பதால் நாணை வேடரே எளிதில் மாற்றிக்கொள்ளலாம்.

இயங்கும் முறை

நாணை இழுக்கும்போது செலவிடப்படும் ஆற்றல் வளைந்த கைகளில் தேங்குகிறது. விசையை அழுத்தியதும் அந்த ஆற்றலின் பெரும்பகுதி கணைக்குச் செல்கிறது. நாண் எவ்வளவு தொலைவு பின்னிழுக்கப்படுகிறதோ அதுவே இழுப்பு நீளம் ஆகும். குறுக்குவில்லில் இது பொதுவாக 25 முதல் 40 செ.மீ. வரை இருக்கும். கைவில்லில் இழுப்பு நீளம் இதைவிடப் பெரிதாகையால், அதே ஆற்றலைப் பெறக் குறுக்குவில்லின் நாண் கூடுதல் வலிமையோடு இழுக்கப்பட வேண்டியுள்ளது. வேட்டைக் குறுக்குவில்லின் இழுப்பு விசை பொதுவாக 70 முதல் 90 கிலோ எடைக்கு ஈடாக இருக்கும்.

26 கிராம் எடையுள்ள கணை விநாடிக்கு 105 மீட்டர் விரைவில் புறப்பட்டால் அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 143 ஜூல் ஆகும். இது துப்பாக்கிக் குண்டின் ஆற்றலோடு ஒப்பிட மிகக் குறைவு. குண்டு அதிர்ச்சியாலும் கணை வெட்டுக்காயத்தாலும் கொல்கின்றன. எனவே கணை எங்கு பாய்கிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

இதே விரைவில் செல்லும் கணை 20 மீட்டர் தொலைவைக் கடக்க ஏறத்தாழ 0.19 விநாடி எடுத்துக்கொள்கிறது. அதற்குள் அது நேர்கோட்டிலிருந்து சுமார் 18 செ.மீ. தாழ்கிறது. காற்றுத் தடையைக் கணக்கில் கொள்ளாவிடினும், 40 மீட்டர் தொலைவில் இத்தாழ்வு சுமார் 71 செ.மீ. ஆகிவிடும். தொலைவு இரட்டித்தால் தாழ்வு நான்கு மடங்காகிறது. தொலைவைத் தவறாக மதிப்பிட்டால் குறி தவறுவதற்கு இதுவே காரணம்.

ஒலியும் கருதத்தக்கது. வில் விடுபடும் ஒலி 20 மீட்டரை ஏறத்தாழ 0.06 விநாடியில் கடந்துவிடும். ஆகவே கணை சென்று சேர்வதற்கு 0.13 விநாடி முன்னதாகவே பறவை அவ்வொலியைக் கேட்கிறது. குறுகிய தொலைவில் இந்த இடைவெளி பொருட்டன்று. தொலைவு கூடக்கூடப் பறவை நகர்ந்துவிடும் வாய்ப்பும் கூடுகிறது.

வரலாறு

சீனாவில் போரிடும் நாடுகளின் காலத்தைச் சேர்ந்த வெண்கலப் பூட்டுகள் அகழாய்வுகளில் கிடைத்துள்ளன. சின் சி குவாங் பேரரசரின் கல்லறையை அடுத்த சுடுமண் படையோடும் குறுக்குவில்களின் பூட்டுகள் கண்டெடுக்கப்பட்டன. கிரேக்கர்கள் வயிற்றால் அழுத்தி நாணேற்றும் ஒருவகை வில்லைப் பயன்படுத்தினர். இதனை அலெக்சாந்திரியாவின் ஏரோன் விவரித்துள்ளார்.

இடைக்கால ஐரோப்பாவில் குறுக்குவில் போரிலும் வேட்டையிலும் பரவலாகப் பயன்பட்டது. நீண்ட பயிற்சி இல்லாதவரும் இதை எய்ய முடிந்தது இதற்குக் காரணமாகும். 1139 இல் கூடிய இரண்டாம் இலாத்தரன் பொதுச்சங்கம், கிறித்தவர்களுக்கு எதிராகக் குறுக்குவில்லாளரையும் வில்லாளரையும் பயன்படுத்துவதைத் தடைசெய்தது. ஆயினும் இத்தடை நடைமுறையில் நிலைக்கவில்லை. இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டு 1199 இல் பிரான்சின் சாலூ கோட்டையை முற்றுகையிட்டபோது குறுக்குவில் கணையால் காயமுற்று, அக்காயத்தாலேயே இறந்தார். துப்பாக்கி பரவியபின் போர்க்களத்தில் குறுக்குவில் மறைந்தது. வேட்டையிலும் விளையாட்டிலும் எஞ்சியது. குறுக்குவில் விளையாட்டுக்கான பன்னாட்டு ஒன்றியம் 1956 இல் நிறுவப்பட்டது.

இந்தியாவில் குறுக்குவில்

வங்காள விரிகுடாவின் கிழக்குப் பகுதியில் உள்ள நிக்கோபார்த் தீவுகளின் மக்கள் மரத்தாலான குறுக்குவில்லைக் கொண்டு புறா முதலிய பறவைகளை வேட்டையாடினர். அருணாசலப் பிரதேசத்தில் யோபின் என்றும் அழைக்கப்படும் லிசு மக்களிடமும் குறுக்குவில் வழக்கில் உள்ளது. தென்கிழக்காசிய மலைவாழ் மக்களின் குறுக்குவில்களோடு இவை ஒத்தவை. மரத்தின் உச்சியில் அமர்ந்திருக்கும் பறவையை அடியிலிருந்து எய்ய வேண்டிய காடுகளில், நாணேற்றிய வில்லோடு அசையாமல் காத்திருப்பது பயனுள்ள வழியாகும்.

தென்னிந்தியாவைப் பொறுத்தவரை, சென்னை மாகாண மீன்வளத்துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹோர்னல் 1924 இல் தென்னிந்தியாவின் ஊதுகுழல்கள், வளரிகள், குறுக்குவில்கள் ஆகியவற்றைப் பற்றி ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். இவற்றுள் வளரி, சிவகங்கை, புதுக்கோட்டைப் பகுதிகளில் நன்கு அறியப்பட்ட எறிகருவியாகும்.

காட்டு வான்கோழி

வான்கோழி வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. மெலியாகிரிஸ் கல்லோபாவோ என்பது இதன் அறிவியற் பெயர். இது மயில், கௌதாரி, காடை ஆகியவற்றை உள்ளடக்கிய பாசியானிடே குடும்பத்தைச் சேர்ந்தது. ஐரோப்பியர் வழியாக இப்பறவை ஆசியாவை அடைந்தது. 1612 இல் கோவாவிலிருந்து முகலாயப் பேரரசர் சகாங்கீருக்கு ஒரு வான்கோழி கொண்டுவரப்பட்டது. அரசவை ஓவியர் மன்சூர் அதனை வரைந்தார். தமிழ்நாட்டில் வான்கோழி இறைச்சிக்காகப் பண்ணைகளிலும் வீடுகளிலும் வளர்க்கப்படுகிறது, காட்டில் வாழ்வதில்லை.

காட்டு வான்கோழியின் ஆண் பொதுவாக 5 முதல் 11 கிலோ எடையுடையது. இதன் பார்வை மிகக் கூர்மையானது. கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால் தலையைச் சற்றுத் திருப்பியே சுற்றுப்புறம் முழுவதையும் இதனால் காண இயலும். நிறங்களைப் பிரித்தறிகிறது, சிறு அசைவையும் உடனே உணர்கிறது. கைவில்லாளர் நாணை இழுக்கும் அந்த ஓரிரு விநாடி அசைவே பெரும்பாலும் வேட்டையைக் கெடுத்துவிடும். குறுக்குவில்லில் அந்த அசைவு தேவையில்லை. வான்கோழி வேட்டைக்குச் சிலர் குறுக்குவில்லைத் தேர்ந்தெடுப்பதற்கு இதுவே முதன்மைக் காரணமாகும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மிகுதியான வேட்டையாலும் காடழிப்பாலும் வட அமெரிக்காவில் காட்டு வான்கோழிகள் பெருமளவு அருகிப்போயின. 1937 இல் இயற்றப்பட்ட பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் வேட்டைத் துப்பாக்கிகள், தோட்டாக்கள் ஆகியவற்றின் மீதான வரியைக் காட்டுயிர் மீட்புக்கு ஒதுக்கியது. 1970களில் வில், அம்பு முதலியவையும் இவ்வரிக்குள் வந்தன. காட்டிலிருந்து பிடிக்கப்பட்ட பறவைகள் பிற இடங்களில் விடப்பட்டன. இம்முயற்சிகளால் வான்கோழிகளின் எண்ணிக்கை மீண்டும் பல இலட்சங்களாகப் பெருகியது. வேட்டைக்காலம், உரிமம், பிடிக்கத்தக்க எண்ணிக்கை ஆகியவை அங்கு மாநிலந்தோறும் சட்டத்தால் வரையறுக்கப்பட்டுள்ளன. இளவேனிற்கால வேட்டையில் பொதுவாக ஆண் பறவைகளையே கொல்ல இசைவு உண்டு. குறுக்குவில்லுக்கு இசைவு உண்டா என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

வான்கோழி வேட்டைக்கு வில்லை ஆயத்தப்படுத்தல்

வான்கோழியின் உடல் பெரிதாகத் தோன்றினாலும் அதன் பெரும்பகுதி இறகே. இதயமும் நுரையீரலும் உள்ள பகுதி ஒரு சாத்துக்குடிப் பழத்தின் அளவே இருக்கும். அதாவது ஏறத்தாழ 8 முதல் 10 செ.மீ. வரையான வட்டம். கணை இதற்கு வெளியே பட்டால் பறவை காயத்தோடு பறந்து சென்று, கண்டுபிடிக்க முடியாத இடத்தில் வலியுற்று இறக்கும். ஆயத்தப் பணிகள் அனைத்தும் இச்சிறு வட்டத்தை முன்னிறுத்தியே செய்யப்படுகின்றன.

1. சோதித்தல்: கைகளில் வெடிப்பு உள்ளதா, நாணில் இழை அறுந்துள்ளதா, திருகுகள் தளர்ந்துள்ளனவா என்று முதலில் பார்க்கப்படுகிறது. நாணுக்கு மெழுகும், தயாரிப்பாளர் கூறியிருப்பின் தடத்திற்கு உரிய எண்ணெயும் இடப்படுகின்றன. வெடிப்புள்ள கை நாணேற்றும்போது உடைந்து சிதறக்கூடும் என்பதால் அத்தகைய வில்லைப் பயன்படுத்தலாகாது.

2. சீராக நாணேற்றல்: நாணின் நடுப்பகுதி பூட்டின் நடுவே சரியாக அமைய வேண்டும். ஒருபுறம் சில மில்லிமீட்டர் கூடுதலாக இழுக்கப்பட்டாலும் கணை பக்கவாட்டில் விலகும். வெறுங்கையால் இழுக்கும்போது இவ்வாறு நேர்வது இயல்பு. ஆகவே இருபுறமும் கொக்கியும் கைப்பிடியும் கொண்ட நாணேற்றுக் கயிறு பயன்படுகிறது. இது கப்பியின் தத்துவத்தால் இழுக்க வேண்டிய விசையையும் பாதியாகக் குறைக்கிறது. 80 கிலோ இழுப்பு விசையுள்ள வில்லுக்கு ஏறத்தாழ 40 கிலோ விசை போதுமானதாகிறது. கைப்பிடியைச் சுற்றி நாணேற்றும் பொறியும் உண்டு.

3. கணையைத் தேர்தல்: கணையின் நீளம், எடை, பின்முனையின் வடிவம் ஆகியவை அந்த வில்லுக்குத் தயாரிப்பாளர் குறித்தபடியே இருக்க வேண்டும். பின்முனை பொருந்தாவிட்டால் நாண் கணையின் மேலோ கீழோ வழுக்கிச் செல்லும். அது கணை இல்லாமல் வெறும் நாணை விடுவதற்கு ஒப்பாகும். கணைக்குச் செல்ல வேண்டிய ஆற்றல் முழுவதும் வில்லின் உறுப்புகளையே தாக்குவதால் வில் உடையலாம். கணை இல்லாதபோது பூட்டைத் திறக்கவிடாத தடை பல வில்களில் உள்ளது. ஆயினும் பொருந்தாத கணையை அது எப்போதும் தடுத்துவிடாது.

4. முனையைத் தேர்தல்: வேட்டைக்கு அலகுகள் கொண்ட அகன்ற முனை பயன்படுகிறது. அலகுகள் நிலையாக இருப்பது ஒருவகை. பாயும்போது விரிவது மற்றொரு வகை. விரியும் முனை பறக்கும்போது ஒடுங்கியிருப்பதால் காற்றால் குறைவாகத் திசைமாறுகிறது. பட்டபின் அகலமாக வெட்டுகிறது. பயிற்சி முனையும் வேட்டை முனையும் ஒரே எடையில் இருத்தல் வேண்டும்.

5. குறியமைத்தல்: வில்லை மணல்மூட்டை போன்ற அசையாத தாங்கலின் மேல் வைத்து, ஏறத்தாழ 18 மீட்டர் தொலைவில் உள்ள இலக்கை நோக்கி மூன்று கணைகள் எய்யப்படுகின்றன. அவை விழுந்த இடங்களின் நடுப்புள்ளியைக் கொண்டு குறிநோக்கி திருத்தப்படுகிறது. ஒரே கணையை நம்பித் திருத்தினால், எய்தவரின் பிழையும் வில்லின் பிழையும் கலந்துவிடும். பின்னர் 10, 25, 30 மீட்டர் தொலைவுகளிலும் கணை எங்கு விழுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளப்படுகிறது. இறுதியாக வேட்டை முனையைப் பொருத்தியும் ஒருமுறை சரிபார்க்கப்படுகிறது.

6. எல்லையைத் தீர்மானித்தல்: எந்தத் தொலைவுவரை எல்லாக் கணைகளும் சாத்துக்குடி அளவு வட்டத்துக்குள் விழுகின்றனவோ, அதுவே அந்த வேடருக்கு உரிய எல்லை. வில்லின் ஆற்றல் இதைத் தீர்மானிப்பதில்லை. வான்கோழி வேட்டையில் இது பெரும்பாலும் 20 முதல் 30 மீட்டருக்குள் அடங்கும்.

7. மறைவிடம்: வேடர் பெரும்பாலும் சிறு கூடாரத்துள் அமர்ந்திருப்பார். சிறு வடிவ வில்லின் பயன் இங்கு தெரிகிறது. அகன்ற வில்லின் கை விடுபடும்போது கூடாரச் சுவரிலோ கிளையிலோ மோதக்கூடும். மற்றொரு தவறும் அடிக்கடி நேர்கிறது. குறிநோக்கி கணையின் தடத்துக்குச் சில செ.மீ. மேலே உள்ளது. ஆகவே குறிநோக்கியில் பறவை தெளிவாகத் தெரிந்தாலும், கணை சாளரத்தின் கீழ்விளிம்பில் இடிக்கலாம். வில்லைச் சாளரத்தின் விளிம்பிலிருந்து போதிய உயரத்தில் தாங்குகோலின் மேல் வைப்பதால் இது தவிர்க்கப்படுகிறது.

8. போலிப்பறவையும் அழைப்பும்: பெட்டையின் குரலை எழுப்பும் கருவியால் சேவல் அழைக்கப்படுகிறது. போலிப்பறவை 10 முதல் 15 மீட்டர் தொலைவில் வைக்கப்படுகிறது. தொலைவு முன்னரே அளக்கப்பட்டிருப்பதால் அதனருகே வரும் பறவையின் தொலைவை ஊகிக்க வேண்டியதில்லை.

9. எய்யும் இடம்: பறவை பக்கவாட்டில் நிற்கும்போது இறக்கை உடலோடு சேரும் மூட்டும், நேராக நோக்கி நிற்கும்போது கழுத்தின் அடிப்பகுதிக்குக் கீழான மார்பும் குறியாகும். தோகையை விரித்து இறகுகளைச் சிலிர்த்து நிற்கும் சேவலின் உடல் எங்கு முடிகிறது என்று தெரிவதில்லை. அது இறகுகளைத் தாழ்த்திக் கழுத்தை உயர்த்தும்வரை பொறுத்திருப்பது நல்லது. பூட்டிய நாண் தரும் மிகப்பெரிய வசதி இந்தப் பொறுமையே.

பாதுகாப்பு

நாணேற்றிய குறுக்குவில் ஆபத்தான நிலையில் உள்ள கருவியாகும். கைவில்லின் நாணை எய்யாமலேயே மெல்லத் தளர்த்திவிடலாம். பெரும்பாலான குறுக்குவில்களில் அவ்வாறு செய்ய இயலாது. வேட்டை முடிந்ததும் பயிற்சி முனையுள்ள கணை ஒன்றை மெத்தையான இலக்கிலோ பொடிமண்ணிலோ எய்து நாண் இறக்கப்படுகிறது. நாணை இறக்கும் பொறியமைப்பு உள்ள புதிய வில்களில் தயாரிப்பாளரின் முறையைப் பின்பற்ற வேண்டும்.

தண்டைத் தாங்கும் கையின் விரல்கள், குறிப்பாகக் கட்டைவிரல், தடத்தின் மட்டத்துக்குக் கீழே இருத்தல் இன்றியமையாதது. நாண் செல்லும் வழியில் விரல் இருந்தால் அது துண்டிக்கப்படலாம். குறுக்குவில்லால் ஏற்படும் காயங்களில் இது பொதுவானது. நாணேற்றிய வில்லோடு மரத்தில் ஏறுவதும், வேலியைத் தாண்டுவதும், ஊர்தியில் செல்வதும் தவிர்க்கப்பட வேண்டும். பறவைக்குப் பின்னால் என்ன உள்ளது என்பதை அறியாமல் எய்யலாகாது. வான்கோழியைத் துளைத்த கணை அதற்கப்பாலும் செல்லும்.

இந்தியச் சட்டம்

1972 ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம், அட்டவணைகளில் குறிக்கப்பட்ட விலங்குகளையும் பறவைகளையும் வேட்டையாடுவதைத் தடைசெய்கிறது. கொல்வது மட்டுமன்றி, பிடிப்பது, பொறிவைப்பது, காயப்படுத்துவது, முட்டைகளைச் சேதப்படுத்துவது ஆகியனவும் இச்சட்டத்தில் வேட்டை எனப்படும். ஆயுதம் என்பதற்கான விளக்கத்தில் துப்பாக்கியோடு வில், அம்பு, வலை, கண்ணி, தூண்டில், கத்தி, நஞ்சு ஆகியவையும் அடங்கும். எனவே குறுக்குவில் ஓசை குறைந்தது, வெடிமருந்து இல்லாதது என்பவை சட்டத்தின் முன் வேறுபாடு ஆகா.

2022 ஆம் ஆண்டின் திருத்தம் அட்டவணைகளை மாற்றியமைத்தது. இது 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வான்கோழியின் குடும்பத்தைச் சேர்ந்ததும் அளவில் அதனோடு ஒப்பிடத்தக்கதுமான மயில் முதலாம் அட்டவணையில் உள்ளது. அதை வேட்டையாடுவோருக்கு 3 முதல் 7 ஆண்டுகள்வரை சிறையும் 25,000 ரூபாய்க்குக் குறையாத தண்டமும் விதிக்கப்படும். வளர்ப்பு வான்கோழி காட்டுயிர் அன்று; அது கால்நடைக்குரிய சட்டங்களுக்கு உட்பட்டது.

செங்கல்பட்டுக் கடற்கரைப் பகுதியில் வேட்டை

செங்கல்பட்டு மாவட்டத்தில் மாமல்லபுரத்திலிருந்து கல்பாக்கம், புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம் வழியாகப் பாலாற்று முகம்வரை நீளும் கடற்கரையில், மணற்பாங்கான நிலமும் பனந்தோப்புகளும் முட்புதர்களும் உள்ளன. கௌதாரி, காடை, மயில், நீர்ப்பறவைகள் ஆகியவை இப்பகுதியில் காணப்படுகின்றன. இங்கு மரபான வேட்டைக்குக் குறுக்குவில் பயன்பட்டதாகத் தெரியவில்லை.

இப்பகுதியின் பழங்குடிகளான இருளர்கள் கடப்பாரை, புகை, வேட்டைநாய், வெறுங்கை ஆகியவற்றைக் கொண்டு எலி, உடும்பு, பாம்பு முதலியவற்றைப் பிடித்தனர். தடத்தையும் எச்சத்தையும் வளையின் வாயையும் பார்த்து உள்ளே இருப்பது எது என்று அறிவதே இவர்களுடைய முதன்மையான கருவி. நரிக்குறவர்கள் வலை, கண்ணி, நாட்டுத் துப்பாக்கி ஆகியவற்றால் பறவைகளைப் பிடித்தனர். இச்சமூகத்தினர் 2023 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் தமிழ்நாட்டின் பட்டியல் பழங்குடியினருள் சேர்க்கப்பட்டனர்.

1972 ஆம் ஆண்டுச் சட்டமும் 1976 இல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்கு விதிக்கப்பட்ட தடையும் இருளர்களின் வருவாயைப் பெரிதும் குறைத்தன. இவர்களுடைய திறமையை வேறு வழியில் பயன்படுத்துவதற்காக, ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு 1978 இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. இது கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் உள்ள சென்னை முதலைப் பண்ணை வளாகத்தில் இயங்குகிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கு பாம்புகளும் அரசின் இசைவோடு பிடிக்கப்பட்டு, நஞ்செடுக்கப்பட்டபின் மீண்டும் காட்டில் விடப்படுகின்றன. அந்நஞ்சு பாம்புக்கடி மருந்து தயாரிக்கப் பயன்படுகிறது. செங்கல்பட்டு மாவட்ட இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகியோருக்கு 2023 இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

பறவைகளைக் காப்பதிலும் இம்மாவட்டத்திற்கு நீண்ட வரலாறு உண்டு. வேடந்தாங்கல் ஏரியில் ஆங்கிலேயப் படையினர் பறவைகளைச் சுட்டபோது ஊர்மக்கள் எதிர்த்து முறையிட்டனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். 1798 இல் செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் அங்கு பறவைகளைச் சுடுவதைத் தடுக்கும் உரிமையை ஊர்மக்களுக்கு எழுத்து வடிவில் வழங்கினார். காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்துக்கு 174 ஆண்டுகள் முற்பட்டது இவ்வுரிமை. வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் 2022 இல் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன.